வாத்து தின்னாப் பூ

மறுகால் நின்று பதினேழு நாள்.
தண்ணீர் பின்வாங்கிய உள்வாயெங்கும்
ஆடை படிந்த சேறு.
செருப்பைக் கரையில் விட்டு இறங்கினேன்.

"என்னத்தத் தேடுதிய?"
நானூறு வாத்துக்கு நடுவிலிருந்து
சேர்மக்கனி கேட்டார்.
கல்லூரி அலமாரியிலிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன்.
எழுபது வருஷம் முன்பு தாளில் ஒட்டிய
ஒரு காய்ந்த காம்பு,
பூ இருந்த இடத்தில் பசைக் கறை.
தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.
"இதா? வாத்து தின்னாப் பூவுல்லா!
கிட்ட போவும், மோந்து பாக்கும்,
சவம் வேண்டாம்னு திரும்பிரும்.
மூணாம் மடைக்குக் கீழ பாருங்க,
பைய, மிதிச்சிராதிய."

எருமைக் குளம்பு அழுத்திய குழி ஒன்றில்
மூன்று நின்றன.
விரல் உயரம்.
நாவல் பழம் தின்ற நாக்கின் நிறம்.
குனிந்த என் மூச்சுக்கே ஆடின.

வேர் கிடையாது இதற்கு.
சேற்றுக்குள் நூல் நூலாய் ஓடி
கசகசாவிலும் சிறிய பைகளைக் கட்டி வைத்திருக்கும்.
பைக்கு ஒரு கதவு.
புழு வந்து தொட்டால்
திறந்ததும் தெரியாது மூடியதும் தெரியாது.
மேலே இந்த நாணம்,
கீழே அந்தப் பசி.

நாற்பது எட்டு தள்ளி
சிவப்புப் பூசிய அளவுக்கல்.
நாற்கரச் சாலை இந்த வழியாகத்தான்.
புகைப்படம் செல்லாது என்றார்கள் அலுவலகத்தில்,
பையோடு நூலோடு முழுச்செடி வேண்டும்,
உலர்த்தி, ஒட்டி, எண் போட்டு.
இருக்கிறது என்று நிரூபிக்க
இல்லாமல் ஆக்க வேண்டும் ஒன்றை.

நலிந்ததைத்தான் எடுத்தேன் என்று சொல்ல ஆசை.
தாளில் எடுப்பாய் இருக்குமென்று
நெடியதைப் பிடுங்கினேன்.

"பிடுங்கிட்டியளா?"
"காப்பாத்தத்தான் அண்ணாச்சி."
அவர் பதில் சொல்லவில்லை.
பா... பா... என்று
வாத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டு
பிசான வயல் பக்கம் நடந்தார்.

பாளையங்கோட்டையில், அறைக் குழாயடியில்
மண் கழுவும்போது பார்த்தேன்:
ஒரு பைக்குள் இன்னும்
நெளிந்துகொண்டிருந்தது ஒரு கொசுப்புழு.
ஊசியால் கதவைத் தேடினேன்,
கை நடுங்கி விட்டுவிட்டேன்.

பழைய நாளிதழ் விரித்துச் செடியைக் கிடத்தி
மேலே பலகை, பலகைமேல் இரண்டு செங்கல்.
பிறகு படிவம்.
இடம், நாள், உள்ளூர்ப் பெயர்.
வேர் என்ற இடத்தில் ஒரு கோடு.
எத்தனை காணப்பட்டன?
மூன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினேன்.
படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம்,
வேறு தாள் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் பிரித்தபோது
பூ வைக்கோல் நிறம்.
கீழே இருந்தது கண்ணீர் அஞ்சலிப் பக்கம்,
நான் கவனித்திருக்கவில்லை.
களக்காட்டுக்காரர் யாரோ,
முழுக்கைச் சட்டை, முறுக்கு மீசை.
அவர் இடது கன்னத்தில்
சின்னதாய் ஊதா.

அந்தத் தாளை எதோடு சேர்த்து வைப்பதென்று
தெரியவில்லை எனக்கு.
எண் போடாமல்
மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.