இரண்டிலிருந்து எட்டு டிகிரி

அந்த ஃபிரிட்ஜ் இன்னும் பீனிக்ஸ் மருத்துவமனையில்தான் இருக்கிறது.
கதவில் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை:
இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில். தாண்டினால் உடனே கூப்பிடு.
கீழே என் கைபேசி எண்.
உள்ளே இப்போது
ஷர்லீனின் பிரியாணி டப்பா, யாரோ மறந்த தயிர்.

மூன்று வருடம் அதற்குக் காவல் இருந்தேன்.
மின்வெட்டு இரவுகளில்
ஜெனரேட்டர் உறுமும் வரைக்கும்
கதவில் முதுகைச் சாய்த்து நிற்பேன்,
யாரும் திறந்துவிடாதபடி.
வீட்டில் என் பிள்ளைகள் இருட்டில் சாப்பிட்டார்கள்.

இனாண்டாவிலிருந்து டாக்ஸியில் வந்தாள் நொக்வாண்டா,
முதுகில் கட்டிய போர்வைக்குள் ஆறு வாரப் பிள்ளை.
பதினான்கு பக்கப் படிவத்தை
அவளுக்கு ஜூலுவில் வாசித்தது நான்.
என் ஜூலுவைக் கேட்டுச் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.
தொடையில் ஓர் ஊசி.
லிண்டோகுலேவுக்கு நாங்கள் வைத்த பெயர்
நானூற்றுப் பதினேழு.
அவன் ரத்தத்தைச் சின்னக் குழாய்களில் எடுத்து
உலர்பனியில் பொதிந்து
அன்று மாலையே விமானம் ஏற்றினோம்.
ஒன்றுகூட வழியில் உடையவில்லை.

பலித்தது.
அறிக்கை வந்த நாளில் கேக் வெட்டினோம்.
வரைபடத்தில் இரண்டு கோடு,
ஒன்று ஏறிக்கொண்டே போனது,
மற்றது அசையாமல் படுத்துக் கிடந்தது.
உறையைப் பிரித்துப் பார்த்தால்
நானூற்றுப் பதினேழு படுத்த கோட்டில் இருந்தான்,
சுகமாக மூச்சு விட்டபடி.
மிச்ச மருந்தை எண்ணி, என்னிடம் கையெழுத்து வாங்கி
எடுத்துப் போனார்கள்.
பெட்டிக்கு லாரி வரும் என்றார்கள்.

ஈஸ்டர் முடிந்த வாரம்
நொக்வாண்டா மறுபடி வந்தாள்.
முதுகில் இரண்டாமவள். பிறந்து ஐம்பது நாள்.
இவளுக்கு எண் கிடையாது, பெயர்தான்: அமாஹ்லே.
கையைப் பிடித்தபடி லிண்டோகுலே,
பள்ளிச் சீருடை, முன்பல் ஒன்று இல்லை.
"அண்ணனுக்குப் போட்டதையே போடு, சிஸ்டர்,"
கடையில் அதே சோப்பைக் கேட்கிற மாதிரி.

சட்டையைத் தூக்கினேன்.
விலாக்களின் நடுவே தோல் குழிந்து குழிந்து எழுந்தது.
அரை நிமிடம் எண்ணினேன், நம்பவில்லை.
முழு நிமிடம் எண்ணினேன்.
எழுபத்திரண்டு.

போன வாரம்தான், வேறொருத்திக்காக,
உம்ஷ்லாங்காவில் ஒரு மருந்துக்கடையில் விலை கேட்டிருந்தேன்.
அவர் வாயால் சொல்லவில்லை.
சீட்டில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார்.

அதே வாரம்
பெர்த்துக்குக் குடிபோன என் தம்பி
பேத்தியின் படம் அனுப்பினான்.
குண்டுத் தொடையில் நட்சத்திரம் போட்ட பிளாஸ்டர்.
பிறந்த மறுநாளே போட்டாச்சு, காசில்லை,
என்று எழுதி ஒரு கட்டைவிரல்.
அந்த நட்சத்திரத்துக்குக் கீழே இருப்பது
இனாண்டாப் பிள்ளையின் ரத்தம் சொன்ன சேதி.
தம்பிக்கு இதை எப்படி எழுதுவது.
நானும் ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

படிவத்தின் பதினோராம் பக்கத்தில் ஒரு வரி உண்டு:
ஆய்வு முடிந்தபின் மருந்து கிடைக்க முயற்சி செய்யப்படும்.
செய்யப்படும்.
வினை இருக்கிறது, செய்கிற ஆள் இல்லை.
ரத்தம் போகத் தெரிந்த வழியில்
மருந்துக்குத் திரும்பத் தெரியவில்லை என்று
அவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன் இத்தனை நாள்.
ஆனால் அன்றைக்கு அந்த வரியை ஜூலுவில் வாசித்தபோது
மதியம் ஆகிவிட்டிருந்தது,
வெளியே இன்னும் ஒன்பது தாய்மார்,
"கிடைக்கும்" என்று சுருக்கியவள் நான்.
நொக்வாண்டா கையெழுத்துப் போட்டது
என் சொல்லுக்கு.

ஆக்சிஜன் குழாயை அந்தச் சின்ன மூக்கில் ஒட்டினேன்.
ஏழு கட்டில், பதினொரு பிள்ளைகள்.
அவளை இன்னொருத்தியின் காலடியில் கிடத்தினோம்.

திரும்பினால்
லிண்டோகுலே ஃபிரிட்ஜைத் திறந்து நிற்கிறான்.
தயிர் வேண்டுமா என்றேன்.
"இல்லை. தங்கச்சியுடையது உள்ளே இருக்கும் என்று அம்மா சொன்னாள்."

மூடு, குளிர் போகிறது, என்றேன், பழக்கத்தில்.
கதவின் மானி
நான்கு காட்டியது.
சரியாக நான்கு.