வைப்பருக்குக் கீழே ஒரு சாண்

ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் என் வாட்டர் வாஷ்.
போர்டு கிடையாது.
ஒரு லாரி டயர், அதில் சுண்ணாம்பில் என் நம்பர்.

பெயின்ட் பொய் சொல்லும்.
பாலீஷ் போட்டால் பத்து வயது குறைத்துச் சொல்லும்.
பம்பரின் கருப்புப் பிளாஸ்டிக்குக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது.
வெயில் விழுந்த பக்கம் வெளுக்கும்,
விழாத பக்கம் அப்படியே கிடக்கும்.
வண்டி எத்தனை வருஷம் எந்தத் திசை பார்த்து நின்றது,
பக்கத்தில் சுவரா, புளியமரமா,
கண்ணாடிக் கூடு ஒன்று மட்டும் ஏன் புதுசு,
எல்லாம் படித்துவிடுவேன்.
ஒன்பதாவதுக்கு மேல் வேறெதுவும் படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நயாஸ் ஒரு வெள்ளைக் கார் கொண்டுவந்தான்.
"டாக்டர் வண்டி மச்சி. ஒரே ஓனர்.
ஷெட்டை விட்டு வெளிய வந்ததே இல்ல."
வலது கதவின் பட்டை கருப்பு. இடது கதவில் சாம்பல்.
வடக்கே மூக்கை நீட்டிக்கொண்டு
மூன்று கோடையாவது மேற்கு வெயில் குடித்த வண்டி.
சக்கர வளைவின் சொரசொரப்பில்
கிரானைட் மாவு.
குவாரியில் யாருக்கு என்ன வைத்தியமோ.

நான் கேட்கவில்லை. அறுநூறு ரூபாய் வேலை.

முதலில் ஷாம்புத் தண்ணீர். அப்புறம் பழைய பல் பிரஷ்.
எவனோ அவசரத்தில் வாக்ஸை இழுத்துவிட்ட இடமெல்லாம்
காய்ந்த தயிர் மாதிரி வெள்ளைத் திட்டு,
ஒவ்வொரு குழியாக நோண்டணும்.
டீசலில் துணி நனைத்து ஒரே இழுப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு,
மினுமினுவென்று போகும்,
குருபரப்பள்ளி தாண்டுவதற்குள்
ரோட்டுத் தூசி மொத்தமும் ஏறி உட்கார்ந்திருக்கும்.
தேங்காய் எண்ணெயும் பார்த்தாச்சு.
எறும்பு வந்தது.

பெயின்ட் ஓரமாக டேப் ஒட்டி
ஹீட் கன்னை எடுத்தேன்.
ஒரு சாண் தூரம். ஓடிக்கொண்டே இருக்கிற கை.
கண நேரம் நின்றால் பம்பருக்கு அம்மைத் தழும்பு.
சூடு போகிற வழியில் சாம்பல் பின்வாங்க
உள்ளே பதுங்கிக் கிடந்த கருப்பு
வியர்வை மாதிரி மேலே வரும்.
எத்தனை வண்டி பார்த்தாலும்
அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வராது.
ஆனால் அது கைமாற்று.
ஒரு தடவை தரும், மனசிருந்தால் இன்னொரு தடவை.
அதற்கு மேல் கேட்டால் பிளாஸ்டிக் கையை விரித்துவிடும்.

மதியத்துக்குள் இடதும் வலதும் ஒரே வயது.
வைப்பருக்குக் கீழே ஓடும் நீளப் பட்டையில்
இடது மூலையில் ஒரு சாண் பாக்கி.
கை தானாக நின்றது என்று சொல்ல ஆசை.
தானாக எதுவும் நிற்கவில்லை.
நான்தான் நிறுத்தினேன்.

வாங்க வந்தது கெஞ்சம்மா.
சூளகிரியில் கொத்தமல்லி வியாபாரம்.
கட்டின் மேல் இலையை நம்பாமல்
பிரித்து நடுத்தண்டைப் பார்க்கிற கை.
டயரை உதைக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை.
பானெட்டைத் தூக்கச் சொன்னாள்,
குனிந்தாள்,
அந்த மூலையில் நகத்தால் ஒரு கோடு இழுத்து
நகத்தைப் பார்த்தாள்.
"இது எந்த ஊரு ஷெட்டு நயாஸு, கூரையே இல்லாம?"

பதினெட்டாயிரம் குறைத்து
எடுத்துப் போனாள்.

சாயங்காலம் நயாஸ் ஐந்நூறு கொடுத்தான்.
எண்ணிப் பார்த்தேன். அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டு பேருக்கும் டீ சொன்னான்.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தான். சிவப்பு வண்டி, ஓசூர் நம்பர்.
"எல்லா எடமும்" என்றான்.
"எல்லா இடமும்" என்றேன்.

கண்ணாடிக் கூட்டில் ஆரம்பித்தேன்.
சூடு ஏறியது, டேப்பின் ஓரம் சுருண்டது,
சாம்பல் சாம்பலாகவே இருந்தது.
எனக்கு முன்னால் யாரோ
தர வேண்டியதையெல்லாம் வாங்கிப் போயிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்திருந்தேன்.
அப்புறம் எழுந்து
டீசல் டப்பாவைத் தேடினேன்.