வீடு சேர்

பரந்தன் சந்திக்குப் பின்னால் தகரக் கொட்டகை.
மதியம் உள்ளே முப்பத்தொன்பது பாகை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
ஈயம் பற்றவைப்பான் யதுர்சன்.
காற்றுப் பட்டால் ஒட்டு பொய்யாகிவிடும்.
பொய் ஒட்டு இரண்டு கிழமை உழைக்கும்,
பிறகு விசுவமடுப் பள்ளமொன்றில்
கைவிடும்.

என் முன்னால் உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு.
பெற்றோல் எஞ்சினைக் கழற்றிய ஓட்டோவுக்கு
இனி மூளை இதுதான் என்று
கடன் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.
மூளையெல்லாம் இல்லை.
கேட்க நாலு கம்பி, கொடுக்க மூன்று கம்பி,
நடுவில் பயந்த ஒரு கணக்கு.
பத்து மில்லிசெக்கனுக்கு ஒருமுறை
‘இருக்கிறேன்’ என்று அது சொல்லவேண்டும்.
சொல்லத் தவறினால்
சில்லுக்குள் படுத்திருக்கும் காவல்நாய் எழும்பி
எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

ஓட்டோ மரியசீலனுடையது.
முல்லைத்தீவிலிருந்து விடிய மீன்,
திரும்பும்போது ஐஸ்.
வலது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்.
பிரேக்கை மிதிப்பார்,
எவ்வளவு மிதித்தார் என்று பாதம் சொல்லாது.

முதல் ஓட்டத்தில்
மோட்டர் சக்கரத்தை இறுகப் பிடித்து
பற்றரிக்கு மின்சாரம் திருப்பியது.
ஐஸ் பெட்டி முன்னுக்கு வந்து
அவர் முதுகில் இடித்தது.
பதிவைத் திறந்து பார்த்தேன்:
பூச்சியத்திலிருந்து எழுபத்தொன்று, நாற்பது மில்லிசெக்கனில்.
கோடு ஏறவில்லை, சுவராக நின்றது.
‘உணரி பழுது’ என்று
என் நிரல் தீர்ப்பு எழுதியிருந்தது.
உணரியில் பழுதில்லை.
என் நிரலுக்குத் தெரிந்த கால்கள் குறைவு.

மூன்று இரவு அந்தச் சுவரைச் சரித்தேன்.
சரித்தது காணாது என்றார்,
பிறகு கூடிப்போச்சு என்றார்,
நாலாம் நாள் ஒன்றும் சொல்லாமல்
மீன் ஏற்றப் போனார்.

அடுத்தது சூடு.
எண்பத்தைந்து பாகையில் மின்னை அறு என்கிறது
சில்லோடு வந்த கையேடு.
அதை எழுதியவர்
வட்டுவாகல் பாலத்தில் போகாதவர்.
ஒரு வாகனம் போகத்தான் அகலம்,
இரண்டு பக்கமும் தண்ணீர்.
நின்றால் ஒதுங்க இடமில்லை.
அந்தப் பாலத்தைப் பற்றி
இதற்கு மேல் நான் எழுதவில்லை.

ஆகவே அறுக்காதே,
குறை.
மணிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர்.
சைக்கிள்காரன் முந்தட்டும்,
ஐஸ் கொஞ்சம் உருகட்டும்,
ஆனால் போய்க்கொண்டிரு.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு:
நொண்டிக்கொண்டு வீடு போதல்.
திரையில் அதைச் சுருக்கி ‘நொண்டி’ என்று
யதுர்சன் போட்டிருந்தான், யோசிக்காமல்.
நான் யோசித்தேன்,
அழித்தேன்.

மலிவான திரை. தமிழ் தெரியாது.
எழுத்தைப் புள்ளி புள்ளியாக நாமே கீறவேண்டும்,
அதற்கும் எட்டுக் கட்டம்தான் இடம்.
‘வீடு சேர்’ என்று கீறினேன்.
வீ ஒரு கட்டம், டு ஒரு கட்டம்,
சேயின் கொம்புக்குத் தனியாக ஒன்று,
ச, பிறகு புள்ளி வைத்த ர்.
ஐந்து.
என் நாகரிகத்தில் எனக்கே கொஞ்சம் திருப்தி.

சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை,
பாலத்துக்கு முன்னமே எண்பத்தைந்து தொட்டது.
அறவில்லை.
ஊர்ந்து ஊர்ந்து கரை ஏறியதைப்
பிறகு தரவில் பார்த்தேன்:
ஏழு நிமிடம், சமதரையான ஒரு கோடு.

பின்னேரம் வந்தார்.
திரையைப் பற்றி என்ன சொல்வாரோ என்று நின்றேன்.

“என்ன தங்கச்சி வீடு சேர் எண்டு கிடக்கு?
நான் பார்த்தது
பின்னால நிண்ட லொறிக்காரன்தான் ஏசுறான் எண்டு.
நொண்டுது எண்டு போட்டிருந்தா
உடன விளங்கியிருக்கும்.”

யதுர்சன் என்னைப் பார்க்காமல்
ஈயக் கம்பியைச் சுற்றினான்.

“அது கிடக்கட்டும்.
இன்னும் எத்தினை எழுத்துக்கு இடமிருக்கு?”

மூன்று, என்றேன்.

“ஐஸ் எண்டு போடேலுமோ?
பெட்டிக்குள்ள எவ்வளவு குளிர் எண்டு.
எனக்கு அதுதான் தெரியவேணும்.”

ஐ ஒன்று. ஸ் ஒன்று.
வெப்ப உணரி ஒன்று முந்நூற்றைம்பது ரூபா,
கம்பி இரண்டு மீற்றர்.
ஒரு கட்டம்
இன்னும் மிச்சம்.