ஐம்பத்தைந்து கிலோ

வியாழக்கிழமை, விடியுமுன்
கண்டெய்னர் கதவு திறக்கும்.
கடன் வாங்கிய இரண்டாயிரம் சேடியை
இடுப்பில் முடிந்துகொண்டு நிற்கிறேன் நான், டுஃபி,
காண்டமாண்டோ சந்தையில் பதினோரு ஆண்டாகப்
பிறர் சட்டைகளை விற்பவள்.

பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள்.
'ஆண்கள் சட்டை, பருத்தி',
மேலே ஒட்டியிருப்பது அவ்வளவுதான்.
தர்பூசணி வாங்குகிறவள்போல்
மூட்டையைத் தட்டிப் பார்க்கலாம்.

சனாத்து தூக்குகிறாள்.
இருவர் ஏற்றிவிட
கழுத்து ஒரு விரற்கடை உள்ளே இறங்கும்.
பிறகு சந்துக்குள் ஓட்டம்,
"ஆகோ! ஆகோ!" என்று வழிகேட்டபடி.

வடக்கே வாலேவாலேக்காரி.
அவள் வீட்டுக் காட்டிலும் பருத்திதான்.
விதையும் உரமும் கம்பெனி கடனாகக் கொடுக்கும்.
நிறுவைக்காரன் பனி ஈரத்துக்கென்று
சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பான்.
கழித்துக் கழித்துக் கணக்கு முடிந்த அன்று
இவர்கள்தாம் கம்பெனிக்குத் தரவேண்டியிருந்தது.
அடுத்த லாரியில் அக்ரா வந்துவிட்டாள்.

"இங்கே கழிவே கிடையாது, மேடம்.
ஐம்பத்தைந்து என்றால் ஐம்பத்தைந்து."
கூலி பத்து சேடி.
நான் எட்டில் ஆரம்பிப்பேன்.

வாரை அறுக்கிறேன், மூச்சடக்கி.
முதல் தரம் பதினாறு.
பட்டன் தைத்தால் போகிறது முப்பத்துச் சொச்சம்.
மிச்சமெல்லாம் அக்குளில் மஞ்சள், காலரில் கறை,
யாரோ ஓடிய மாரத்தான்,
யார் கல்யாணத்துக்கோ அச்சடித்த பனியன்.
செத்த வெள்ளைக்காரன் துணி என்று
அந்தக் காலத்தில் பெயர் வைத்தார்கள்.
உயிரோடிருப்பவன்
இவ்வளவையும் கழற்றிப் போடுவானென்று
அவர்களுக்குத் தோன்றவில்லை.

மிச்சம் ஓடைக்குப் போகும்,
ஓடை கடலுக்கு.
ஜேம்ஸ்டவுன் கரையில் அயிக்வே வலையிழுக்கிறான்.
கை கனக்கிறது, பாட்டு வேகமெடுக்கிறது,
மேலே வருகிறது
கயிறாய் முறுக்கிக்கொண்ட நூறு சட்டைக்கை.
பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்களே,
அப்படிக் காய்த்திருக்கிறது கடல்.
ஒரு மீனில்லை.

சனாத்து நிழலில் உட்கார்ந்து
ஒரு சட்டையின் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள்.
எழுத்து தெரியாது.
லேபிளில் சின்னதாக ஒரு படம், வெடித்த காய்.
விரல்விட்டு எண்ணிச் சிரிக்கிறாள்.
"மூன்று சுளை போட்டிருக்கிறான், மேடம்.
நாலு இருக்கும், சிலதில் அஞ்சு.
பறித்தவனாக இருந்தால் தெரிந்திருக்கும்."
காய்நுனி கிழித்த வடு
அவள் நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

உன் காட்டுப் பஞ்சாக இருக்குமோ என்றேன்,
ஏதாவது பேசவேண்டுமே என்று.
"பஞ்சுக்கு என்ன, முகமா இருக்கு?"

அடுத்த மூட்டைக்கு ஆள் கூப்பிடுகிறார்கள்.
அந்தச் சட்டையை முறுக்கி வளையமாய்ச் சுற்றி
உச்சந்தலையில் வைத்துக்கொள்கிறாள், சும்மாடாக.
மூன்றாம் தரம்தான்.
காசு கேட்கவில்லை நான்.
அந்த எட்டில் கழித்துக்கொண்டால் என்ன என்று
ஒரு கணம் நினைத்தேன்.
அதற்குள் "ஆகோ!" என்ற குரல்
சந்து திரும்பிவிட்டது.