அரைச் சத்தம்

மழை விட்ட செவ்வாய்க்கிழமை.
பாகாவுக்குப் பின்னால் செம்பனை ஆலைப் புகை
சுடுகளத்தின் மேல் படுத்துக் கிடந்தது.
தோட்டக் காவல், உதவிப் போலீஸ், பன்னிரண்டு பேர்.
வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்ட வேண்டும்.
நான் ஏழாவது தடம்.
எட்டில் மாசிலன், புதுசு, பசியாறாமல் வந்திருந்தான்.

என் துப்பாக்கி மூன்றாவது தோட்டாவில் விக்கியது.
வெற்று உறை
வெளியே போக மனமில்லாமல்
உள்ளே இருக்க இடமில்லாமல்
வாசலில் நிமிர்ந்து நின்றது,
கணக்குக் கேட்க வந்த ஆள் மாதிரி.

கோபம் வரக்கூடாது.
கோபக்காரர்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பார்கள்.
வாய் மண்மேட்டை விட்டு அசையாமல்,
விரல் வளையத்துக்கு வெளியே நீட்டி,
மேகசினைக் கழற்றினேன்.
கைப்பிடியைக் கடைசி வரை இழுத்தேன்,
பாதியில் விட்டால் பாதி வேலைதான் நடக்கும்.
உறை விழுந்தது.
அறைக்குள் பார்த்தேன்.
சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தேன்,
அந்த வெளிச்சத்தில் கண்ணை நம்ப முடியாது.

குற்றம் என்னுடையதுதான்.
தலைக்கு வைப்பதுபோல் எண்ணெய் வைத்திருந்தேன்.
இந்த ஊரில் ஆலைத் தூசி
கொடியில் காயும் துணியை விடுவதில்லை,
மூடாத சோற்றை விடுவதில்லை,
எண்ணெய் வழியும் இரும்பையா விடும்?
மேகசினின் உதடு நெளிந்ததும் தெரியும்.
லோரிப் படியில் விழுந்த அன்றே பார்த்தேன்.
மாற்று வாங்க மூன்று பாரம் எழுத வேண்டும்.
எழுதவில்லை.

அப்போதுதான் வலப்பக்கம் அது.
காதடைப்புக்குள் பாதியாக வந்தது.
வெடி இல்லை,
நனைந்த பட்டாசு தீபாவளிக்கு மறுநாள் விடும் மூச்சு.
மாசிலனின் தோள் உதை வாங்கவில்லை.
உறையும் தானாகக் குதிக்கவில்லை.
அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நேரம்:
இன்னும் ஆறு தோட்டா, நாற்பது நொடி.
கையால் இழுத்தான். அடுத்தது ஏறியது.
விரல் உள்ளே போனது.

"பெர்ஹெந்தி!"

யார் கத்தியது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன்,
கழுத்தை மட்டும்.
பதினோரு வருடம் கேட்டில் நின்று
லோரி நம்பர் எழுதி
'போகலாம்' என்பதற்கு மேல் குரல் உயர்த்தாதவள்.
அதற்குப் பிறகும் இரண்டு வெடி கேட்டது,
கடைசித் தடத்தில் யாருக்கோ காது மந்தம்.
பிறகு எல்லாம் நின்றது.

சார்ஜன் ரொஸ்லி என்னை முறைத்தபடி வந்தார்.
"என்னக்கா, எனக்கு இன்னும் ஆறு இருக்கு," என்றான் மாசிலன்.
"விரலை எடு," என்றேன். எடுத்தான்.

மேகசின் கழன்றது. ஏறிய தோட்டா வெளியே வந்தது.
அறை காலி என்று இரண்டு பேர் பார்த்தார்கள்.
சார்ஜன் துப்புரவுக் கம்பியை
வாய்ப்பக்கமிருந்து மெல்ல விட்டார்.
ஒரு சாண் போய்
டிக் என்று நின்றது.
கம்பியின் மேல் கட்டைவிரலை வைத்து
அந்த அளவை எல்லாருக்கும் காட்டினார்.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
குழாய்க்குள் ஒரு குண்டு குந்தியிருக்க
பின்னாலிருந்து இன்னொன்றை அனுப்பினால்
இரும்பு எந்தப் பக்கம் திறக்கும்,
அவன் கன்னம் எந்தப் பக்கம் இருந்தது,
அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டோம்.

தூரத்தில் எங்கோ ஒரு குலை விழுந்தது,
தொப்பென்று,
முழுச் சத்தமாக.

மாசிலன் பெஞ்சில் உட்கார்ந்து
இரண்டு தே தாரிக் குடித்தான்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
சும்மா சிரித்தான்.

சாயங்காலம் காவல் கொட்டகையில்
துணி கறுப்பு விடாத வரை துடைத்தேன்.
பத்துச் சொட்டு இருந்த இடத்தில் ஒரு சொட்டு.
சம்பளம் இப்போது கார்டில் போகிறது,
இந்தத் துப்பாக்கி காப்பதற்குப் பணமே இல்லை.
இருந்தாலும் துடைத்தேன்.

மூன்று பாரமும் எழுதினேன்.
எட்டாம் தடத்துக்கும் சேர்த்து நாலாவது ஒன்று.
'நடந்தது என்ன' என்ற கட்டத்தில்
'சத்தம் குறைவு' என்று மட்டும் போட்டேன்.
மறுநாள் கிராணி திருப்பி அனுப்பினார்:
இது புகாரா, பாராட்டா,
தெளிவாக எழுதவும்.