இருபது கிலோ

கடையைச் சாத்திவிட்டு ஒன்பதரைக்குப்
பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேன்.
பதினெட்டு நானூறு.
'இன்னும் ஒண்ணரை கிலோவுக்கு இடமிருக்கு' என்றேன்.
கயற்கொடி என்னைப் பார்த்தாள்.

செல்லூரில் இருபத்திரண்டு வருஷமாகப்
பழைய பேப்பர் எடுக்கிறவன் தராசு
யார் பக்கம் பேசும் என்று அவளுக்குத் தெரியும்.
கிலோவுக்கு நூறு விழுங்கும்.
'ஏர்போர்ட்காரன் உங்ககிட்ட பேப்பர் போட வந்தவனா?' என்றாள்.

நான்கு திருகாணியைக் கழற்றினேன்.
ஆய்வாளர் வரும் நாளில் மட்டும்
வெளிச்சம் பார்க்கிற ஐந்து கிலோ படிக்கல்லை
மேலே வைத்து
நிஜத்துக்குத் திருப்பினேன்.
பெட்டி இப்போது
இருபது கிலோ நானூற்று நாற்பது.

முதலில் வெளியே வந்தது கொப்பரை.
தீப்பிடிக்குமாம், விமானத்தில் ஏறாதாம்.
தேங்காய் முற்றிக் காய்ந்தால் வெடிகுண்டு என்று
எனக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.
அடுத்து என் இரண்டாவது வேட்டி.
தீவில் எதற்கு என்றாள்,
பதில் இல்லை.

மாத்திரையை அட்டையோடு வை, டாக்டர் சீட்டோடு வை.
பாஸ்போர்ட் நகல் பெட்டியில் ஒன்று, கைப்பையில் ஒன்று,
செல்போனில் ஒன்று.
அங்கே பிளக்கு மூன்று பட்டைக் கால்,
நம் சார்ஜர் நுழையாது.
பவளம் பாதத்தை அறுக்கும்,
ரப்பர் ஷூ போடாமல் இறங்காதே.
ஒரு துண்டுகூட எடுத்து வரக் கூடாது,
கரையில் செத்துக் கிடந்தாலும்.
(இதை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.
கிடப்பதை எடுப்பதுதான் என் தொழில்.)

மருந்துக்கடையில் வெள்ளைக் களிம்பு அறுநூற்றைம்பது.
அக்கினி நட்சத்திரத்தில் தள்ளுவண்டியோடு
சிம்மக்கல் மேடு ஏறியபோதும்
எதையும் தடவாத மூஞ்சி இது.
'கடல் வெயில் வேற அண்ணே,
மேலேயும் அடிக்கும், தண்ணியில பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும்.'
வாங்கினேன். முழங்கையில் தடவிப் பார்த்தேன்.
சுண்ணாம்பு அடித்த சுவர்.

டிக்கெட்டில் என் பெயருக்குப் பின்னால்
அப்பா பெயர் முழுசாக.
இனிஷியலாக ஒற்றைப் புள்ளியோடு கிடந்த மனுஷன்
கொழும்பில் இறங்கியதும்
'மிஸ்டர் வீரணன்' ஆகிவிடுவார்.
திரும்பிப் பார்க்க நான் பழக வேண்டும்.

எல்லாம் ஒரு தாளில் தொடங்கியது.
நாலு வருஷம் முன்னால்
டாக்டர் வீட்டுக் கட்டோடு வந்த வழவழப்புப் புத்தகம்,
கிலோ பன்னிரண்டுக்கு எடுத்தது.
நடுவில் நீலமாய் ஒரு பக்கம்.
கிழித்து பீரோ கதவில் ஒட்டினாள்.
எடையில் மூன்று கிராம் போச்சு என்றேன்.
அன்றைக்கே ஏலச்சீட்டில் சேர்ந்திருக்கிறாள்,
போன மாதம்தான் சொன்னாள்.

டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய நீச்சல் உடை,
முழுக்கை, முழங்கால் வரை, கருநீலம்.
கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தவள்
'சிரிச்சீங்கன்னா தனியாப் போயிருவேன்' என்றாள்.
சிரிக்கவில்லை. சத்தியமாக.
பிறகு புதுச் சேலைக்குச் செய்வதுபோல்
வாளியில் கல்லுப்பு கரைத்து
அதை ஊறப் போட்டாள்,
சாயம் போகிறதா பார்க்க.
ராத்திரி எழுந்து போனபோது
ஒரு விரலை முக்கி நக்கிப் பார்த்தேன்.
கரித்தது. சாயம் போகவில்லை.

இப்போது பத்தொன்பது எண்ணூறு. நிஜமான எண்ணூறு.
மூன்று மணிக்குக் கார் வரும்.
தராசின் அடிப்பலகை இன்னும் திறந்தே கிடக்கிறது.
திரும்பி வந்த மறுநாள் காலையில்
பேப்பர்க் கட்டோடு யாராவது நிற்பார்கள்.
ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போடப் போனேன்.
'கையில கொண்டுபோக விட மாட்டான்' என்றாள்
உள்ளே இருந்து.
மேசை மேல் வைத்தேன்.