ஐநூத்தி ஒண்ணு

மில்லில் மூன்று ஷிப்டு ஒரு ஷிப்டானது.
கணக்குப் பிரிவில் நாலு நாற்காலி.
மூன்றின் மேல் இப்போது பழைய ஃபைல்கள்.
என்னை அனுப்பவில்லை,
பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.
அதற்கும் நன்றி சொல்லிவிட்டு
கப்பலூர் சுங்கச்சாவடி வரை
பஸ் ஏறாமல் நடந்தேன்.

நகைக்கடன் நோட்டீஸ் வந்த வாரம்
செக்கானூரணி மண்டபத்து மேனேஜர் கேட்டார்,
"கையெழுத்து நல்லாருக்குமா?"
மொய் எழுதுகிறவருக்குக் காய்ச்சலாம்.
முகூர்த்தத்துக்கு எண்ணூறு ரூபாய்,
ஒரு இலைச் சாப்பாடு,
வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி சாம்பார்.

"பொம்பளையா எழுதுறது?"
நீட்டிய பணத்தைப் பின்னுக்கு இழுத்தார் ஒருவர்.
பேனா மூடியைக் கழற்றி வைத்துக் காத்திருந்தேன்.
பின்னால் வரிசை அவர் முதுகை இடித்தது.
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"கொக்குளம், பின்னமாயன் மகன் தவசி,
ஐநூத்தி ஒண்ணு."
என் முதல் வரி.

பத்தொன்பது வருசம் மில் பேரேட்டில்
ரூபாய்க்கு முகம் இருந்ததில்லை.
பஞ்சு வரவு, கோன் செலவு, பாக்கி.
இங்கே ஊர் முதலில் வரும்,
அப்புறம் அப்பன், அப்புறம் ஆள்,
பணம் கடைசியில்தான்.
அந்த வரிசை கைக்குப் படிய
மூன்று முகூர்த்தம் ஆனது.

"நூறுதாம்மா. மைக்குல சொல்லிராத"
என்று குனிந்தாள் ஒருத்தி. இடுப்பில் பிள்ளை.
மைக்காரனைக் கண்ணால் நிறுத்தக்
கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.
அடுத்த ஆள் எட்டிப் பார்க்காதபடி
தொகையை இடது கையால் மறைத்து எழுதவும்.

ஒரு ஆவணி ராத்திரி ஐநூறு குறைந்தது.
மில்லாக இருந்தால்
வெள்ளை மை தடவி ஊதிக் காயவைத்திருப்பேன்.
எழுந்து நின்று, சத்தமாகவே சொன்னேன்:
"குறையுது. எண்ணணும். யாரும் போகாதீங்க."
என் குரல் மைக் இல்லாமலே
பந்திவரை போனதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்.
சந்தனக் கிண்ணத்தின் ஈர அடியில்
ஒட்டிக்கொண்டிருந்தது நோட்டு.
இன்றும் அது மஞ்சளாகத்தான் நினைவில் இருக்கிறது.

ஆடியில் மண்டபம் பூட்டிக் கிடந்தது.
மார்கழியிலும்.
அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
ரசம், மறுபடி ரசம்.

தை பிறந்ததும் ஒரு பெரியகாரியக்காரர் வீட்டுக் காதுகுத்து.
மக்கிப்போன மொய் நோட்டை விரித்தபடி வந்து
பட்டுச்சேலைக்காரி ஒருத்தி சொன்னாள்:
"எங்க கல்யாணத்துக்கு இவுக வச்சது ஆயிரம்.
இந்தா ரெண்டாயிரம், நல்லா தெளிவா எழுது."
நிமிர்ந்து பார்த்தேன்.
ஏலக்காய் வாசத்தில், பவுடர் முகத்தில்,
ஃபேன் காற்றுக்கு இடம் பிடித்துச் சிரித்துக்கொண்டு
மண்டபம் முழுக்கக் கடன்காரர்கள்.
ஒருவர் தலையும் குனிந்திருக்கவில்லை.

நான் மட்டும் எட்டு மாதமாக
வங்கி இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

செவ்வாய்க்கிழமை உள்ளே போனேன்.
மேனேஜர் நிமிரவில்லை. "பேரு?"
பழக்கதோசத்தில் வாயில் வந்தது:
"வாலாந்தூர், சின்னக்காளை மக அங்கயற்கண்ணி,
பாக்கி நாப்பத்தி மூவாயிரம்."
நிமிர்ந்தார்.
மாதம் எவ்வளவு முடியும் என்பதை
அவர் கேட்கும் முன் நானே சொன்னேன்.
எந்த மாதங்களில் முடியாது என்பதையும்.
வட்டியைக் குறைக்கவில்லை மனுசன்.
ஏலத் தேதியைத் தள்ளிவைத்தார்.

மில் இன்னும் ஒரு ஷிப்டுதான்.
ஃபைல்களை இறக்கி
ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்,
யாருக்கென்று தெரியவில்லை.

முதல் தவணை கட்டப் போனபோது
இரண்டாயிரத்தோடு ஒரு ரூபாய் சேர்த்து வைத்தேன்.
கேஷியர் பையன் நாணயத்தைத் திருப்பித் தள்ளினான்,
"ரவுண்டா கட்டுங்கக்கா."

எடுத்துக்கொண்டேன்.
வெளியே வெயில்.
டவுன் பஸ்ஸில்
கண்டக்டர் சில்லறை இல்லை என்று முறைத்தபோது
அந்த ஒத்த ரூபாய் பர்ஸில் இருந்தது.
கொடுக்கவில்லை.